பேட்டரிக்குக் கட்டிய காப்பு

சண்முகவேலின் கார் ஒன்பது நாளாக நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு கோழி அதன் பின்சீட்டில் முட்டையிடவே ஆரம்பித்துவிட்டது.

அது அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு முனையில் நிற்கும் வாடகைக் கார். யாரோ ஒரு ஜமீன்தார் ஓட்டிச் சலித்து விற்றது. எந்த வருடத்து வண்டி என்று சண்முகவேலுக்கே தெரியாது. ஆனாலும் திருச்சுழி, நரிக்குடி, எம்.ரெட்டியபட்டி என்று சுற்றுவட்டாரத்தில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும், மதுரை ஆஸ்பத்திரிக்கு அந்தக் கார்தான் போகும்.

வெங்கடலட்சுமிக்குப் பத்து வயது. தறி வீட்டுப் பெண். போன ஐப்பசியில் அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா அப்பய்யாவைப் பாம்பு கடித்தபோது, கொட்டுகிற மழையில் சண்முகவேல்தான் அவரை மதுரைக்குக் கொண்டுபோனார். நைனா பிழைத்து வந்து மறுபடியும் தறியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, நீங்க நல்லா இருக்கணும்" என்று சண்முகவேலிடம் சொல்ல அவள் எத்தனையோ தடவை வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளேயே நின்றுவிடும். "சாப்டீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஓடிவிடுவாள். காலை பத்து மணிக்குக் கேட்டாலும், மாலை நாலு மணிக்குக் கேட்டாலும், "ஆச்சு தாயி" என்பார் அவர்.

இப்போது காரின் பேட்டரி செத்துப்போய்விட்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. புதுப் பேட்டரி கிடைப்பது குதிரைக்கொம்பு. விருதுநகரிலிருந்து பழைய இரும்பு வியாபாரி செல்லப்பாண்டி, வருகிற சனிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள ஓடலைன்னா எடைக்குப் போட்டுர வேண்டியதுதான்" என்றார் சண்முகவேல். சொல்லும்போது அவர் கை காரின் கதவைத் தடவிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மதுரை பஸ் வந்து நின்றது. பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி அடுப்பு வைத்து ஓடுகிற பஸ். கண்டக்டர் கோட்டைச்சாமி முகமெல்லாம் கரியோடு இறங்கி, சண்முகவேல் வாங்கிவரச் சொல்லியிருந்த பேட்டரியைத் தூக்கி வந்தார்.

"ஏலே சண்முகம், இந்தா! கடைசியா இருந்த சரக்குல ஒண்ணு."

டிரைவர் சீட்டுக்குக் கீழே, பேட்டரி வைக்கிற இரும்புப் பெட்டி இருந்தது. புதுப் பேட்டரியை நீளவாக்கில் வைத்துப் பார்த்தார்கள். நுழையவில்லை. குறுக்கே வைத்துப் பார்த்தார்கள். அப்படியும் நுழையவில்லை.

"மூணு மூடி வச்சது, ஒரு சாண் நாலு விரக்கடை நீளம்னு நான் சொன்னேனேப்பா" என்றார் சண்முகவேல்.

"அந்த அளவுதான் வாங்கியாந்தேன். என் கையாலேயே சாண் போட்டுப் பாத்தேன்!"

வெங்கடலட்சுமி கோட்டைச்சாமியின் கையைப் பார்த்தாள். முறம் மாதிரி இருந்தது. சண்முகவேலின் கையைப் பார்த்தாள். அம்மாவின் கையைவிடச் சின்னது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் தவிக்கிற நேரத்தில் சிரித்துவிட்டோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

"என்ன தாயி சிரிப்பு?"

"மாமா, ரெண்டு பேரும் கையைச் சேத்து வச்சுப் பாருங்க."

இரண்டு பெரியவர்களும் சின்னப் பிள்ளைகள் போல உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்தார்கள். கோட்டைச்சாமியின் விரல்கள் ஒரு விரல் மேலேயே நீட்டிக்கொண்டு நின்றன.

"அடப்பாவி, இது கையா, பனை மட்டையா?" என்றார் சண்முகவேல். ஒன்பது நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

கோட்டைச்சாமி சிரிக்கவில்லை. "கடைக்காரவுக இன்னும் ஒரே ஒரு தடவைதான் மாத்தித் தருவாகளாம்."

"பழசையே தூக்கிட்டுப் போய்க் காட்டிருவோமா?"

"பஸ்ஸுலயா? போன வருசம் ஆசிட் சிந்தி ஒருத்தர் வேட்டி சல்லடையாப் போச்சு. இன்னைக்கும் அவுக என்னைக் கண்டா முறைக்கிறாக."

இரண்டு பேரும் காரைப் பார்த்தபடி நின்றார்கள்.

'நூலில் அளந்தால் என்ன?' என்று வெங்கடலட்சுமிக்குத் தோன்றியது. பெரியவர்கள் சிரிப்பார்களோ என்று பயமாகவும் இருந்தது. சிரித்தால் சிரிக்கட்டும். அவள் வீட்டுக்கு ஓடினாள்.

நூல் துண்டு ஒன்றை எடுத்து வந்து பெட்டியின் நீளத்தை அளந்தாள். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அளந்தாள். இந்தத் தடவை அரை விரல் வித்தியாசம் வந்தது. இழுத்துப் பிடித்தால் நூல் நீளுகிறதே! கோட்டைச்சாமி மாமா இழுத்தால் இன்னும் நீளுமே!

எந்த நூல் நீளாது? அவள் கண்ணை மூடி யோசித்தாள். கஞ்சி போட்டுக் காயவைத்துத் தறியில் பூட்டுகிற பாவு நூல் விறைப்பாக நிற்கும். நாலு இழையைச் சேர்த்துப் பிடித்தால் அசையவே அசையாது.

ஆனால், போர்க்காலத்தில் பாவு நூலும் அளந்துதான் கிடைத்தது. அவள் தறிக்குப் பக்கத்தில் போய்த் தயங்கி நின்றாள்.

"நைனா, கொஞ்சம் பாவு நூல் வேணும். சண்முகவேல் மாமா காருக்கு."

காருக்கு எதற்கு நூல் என்று அப்பய்யா கேட்கவில்லை. தறியை நிறுத்தினார். முழங்காலுக்குக் கீழே இருந்த பாம்புக்கடித் தழும்பை ஒரு கணம் தடவிக்கொண்டார்.

"வேணுங்கிறதை எடுத்துக்கம்மா" என்றார்.

வெங்கடலட்சுமி பெட்டியை உள்பக்கமாக அளந்தாள். நீளத்துக்கு ஒரு முடிச்சு போட்ட நூல். அகலத்துக்கு இரண்டு முடிச்சு. உயரத்துக்கு மூன்று முடிச்சு.

"மூணு முடிச்சா? ஏ பாப்பா, பேட்டரிக்குத் தாலியா கட்டுறே?" என்றார் கோட்டைச்சாமி.

அவள் பழைய பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே கட்டைவிரல் போல இரண்டு ஈயக் குமிழ்கள். ஒன்று பருமன், ஒன்று ஒல்லி. ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் ஒரு ஒயர் இருந்தது. இரண்டு ஒயரும் குட்டை.

"மாமா, குமிழு இடம் மாறியிருந்தா ஒயரு எட்டாதில்ல?"

சண்முகவேல் குனிந்து பார்த்தார். "எட்டாது தாயி. நல்லவேளை கேட்டே!"

"குமிழு ரெண்டும் நம்ம பக்கம் இருக்கிறாப்ல வச்சா, பருமனானது சோத்துக்கைப் பக்கம் வரணும்" என்று கோட்டைச்சாமியிடம் சொன்னாள் வெங்கடலட்சுமி.

"சோத்துக்கையா? மதுரைக் கூட்டத்துல எனக்கு என் பேரே மறந்துபோகும் பாப்பா."

அவள் மறுபடியும் வீட்டுக்கு ஓடி, சாயம் தோய்த்த சிவப்பு நூலோடு வந்தாள். கோயிலில் காப்பு கட்டுவது போல, கோட்டைச்சாமியின் வலது மணிக்கட்டில் அதை இறுக்கிக் கட்டினாள். "பருமனானது காப்புக் கட்டின கைப் பக்கம்."

புதன்கிழமை காரியாபட்டி தாண்டுவதற்குள் பஸ்ஸில் ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். "என்ன கண்டக்டர், எந்தக் கோயிலுக்குக் காப்பு?"

"பேட்டரிக்கு!" என்று ஏழு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னார் கோட்டைச்சாமி.

சாயங்காலம் பஸ் திரும்பி வந்தது. சண்முகவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு புதுப் பேட்டரியைப் பெட்டிக்குள் இறக்கினார். உறையில் வாள் இறங்குவது போல இறங்கியது. ஒயர்களை இழுத்தார். இரண்டும் அதனதன் குமிழில் போய் உட்கார்ந்தன.

டவுனில் ஆசிட் ஊற்றிச் சார்ஜ் ஏற்ற இரண்டு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை மாலை கார் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை கர்ஜித்தது. பின்சீட்டுக் கோழி அலறிக்கொண்டு வெளியே பறந்தது. தெருவே கை தட்டியது.

சண்முகவேல் வெங்கடலட்சுமியிடம் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைசியில், "சாப்ட்டியா தாயி?" என்றார்.

அவளுக்கு அது முழுதும் புரிந்தது. அவருக்கும் தன்னைப் போலவேதான் என்று நினைத்தபோது, மனது நிறைந்து கண்ணில் நீர் கோத்தது. "ஆச்சு மாமா" என்றாள்.

சனிக்கிழமை காலை செல்லப்பாண்டி மாட்டு வண்டியோடு வந்து சேர்ந்தார். தெரு முனை காலியாகக் கிடந்தது.

"பாப்பா, இங்கன ஒரு ஓட்டைக் கார் கிடந்துச்சே, எங்க?"

"எம்.ரெட்டியபட்டி சோலையம்மா அக்காவுக்கு இடுப்பு வலி. மாமா அவுகளை ஏத்திக்கிட்டு மதுரைக்குப் போயிருக்காக" என்றாள் வெங்கடலட்சுமி. "வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. வந்தா கார் நிக்க இடம் வேணும்."