துடைப்ப வண்டிக்கு முன்னால் ஓர் இரட்டைச் சைக்கிள்

அந்த மலை சைக்கிள் பயணத்தில் எல்லோரும் சைக்கிள் ஓட்டினார்கள். நான் ஓட்டியது துடைப்ப வண்டி.

கூரையில் நீளமான துடைப்பம் ஒன்றைக் கட்டிய வேன் அது. எல்லோருக்கும் கடைசியில் ஊர்ந்து வரும். நேரத்துக்குள் முடியாதவர்கள், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவர்கள் எல்லோரையும் சைக்கிளோடு கூட்டி அள்ளிக்கொண்டு வருவதுதான் அதன் வேலை. அவ்வளவு மெதுவாக ஓட்ட வேண்டும். ஒருமுறை ஒரு நத்தை என்னை முந்திக்கொண்டு போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பயணத்தில் பரிசெல்லாம் கிடையாது. நூற்று நாற்பது கிலோமீட்டர், ஏழு மலை. என்னைக் கேட்டால் பதினேழு என்பேன். வழியில் நான்கு இடங்களில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். குறித்த நேரத்துக்குள் போய் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். அந்த நான்கு முத்திரைக்காக ஊரில் பாதிப் பேர் முழங்காலைத் தேய்த்துக்கொள்வார்கள்.

அன்று விடியும்போதே மழை. மேகம் ஈரக் கம்பளி மாதிரி தலைக்கு மேல் தொங்கியது. வேனுக்குள் மீன் நீந்தாத குறைதான்.

மூன்றாம் மேசைக்கு வந்தபோது என் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரே ஒரு சைக்கிள்தான். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள். முன்னால் ஓர் அப்பா. பின்னால் பதினொரு வயது மகள்.

அந்த அப்பாவை எனக்குத் தெரியும். ஆறு வருஷம் மனைவியோடு அதே சைக்கிளில் வந்தவர். முன் சீட்டிலிருந்து இவர் போடும் சத்தத்தில் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் எழுந்துவிடுவார்கள். பின் சீட்டிலிருந்து அந்த அம்மா சிரிப்பார். போன வருஷம் இருவரும் வரவில்லை. அந்த அம்மா இறந்துபோன செய்தி எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்த வருஷம் மகளுக்குப் பின் பெடல் எட்டிவிட்டது.

அப்பா முத்திரை வாங்கப் போயிருந்தார். மகள் சாலை ஓரமாக நின்று வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கணுக்காலில் ரத்தக் கீறல். நான் வேன் கதவைத் திறந்தேன்.

"உள்ள வந்து உட்காரு பாப்பா. உன் உதடே நீலமாயிடுச்சு."

"வேணாம் தாத்தா. நாங்க உங்க வண்டியில ஏறினா, அப்பா இந்தச் சைக்கிளை வித்துடுவார்."

"யார் சொன்னா?"

"அப்பாதான். அடுத்த வாரம் ஒருத்தர் பார்க்க வரார். இன்னைக்கு முடிச்சா வச்சுக்கலாம், முடியலைன்னா கொடுத்துடலாம்னு சொன்னார். அந்தப் பின் சீட்டைத் தினமும் பார்க்க முடியலையாம்." அவள் பழத்தோலை நான்காக மடித்தாள். "அது அம்மா சீட்டு."

எனக்கு வாய் ஓயாது. அன்று கதவை மட்டும் மெதுவாகச் சாத்தினேன்.

கடைசி மேசை மலை உச்சியில். மூன்று மணிக்குள் போக வேண்டும். கிளம்பியபோது ஒன்றரை. நான் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்தேன்.

கொஞ்ச தூரத்திலேயே ஒன்று புரிந்தது. இரட்டைச் சைக்கிளில் பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது. முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். அதனால் முன்னால் இருப்பவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பள்ளம் என்று சொன்னால் பின்னால் இருப்பவர் உடம்பைத் தளர்த்திக்கொள்வார். கியர் என்று சொன்னால் மிதிப்பதை லேசாக்குவார். சொல்லாவிட்டால் கால் நழுவும், பெடல் திரும்பி வந்து கணுக்காலைக் கீறும்.

அந்த அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. வாயைத் தைத்துவிட்ட மாதிரி வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மகள் அரை அடி எழும்பி விழுந்தாள். ஒருமுறை மேகத்தைத் தொட்டுவிட்டு வந்தாள் என்றே நினைக்கிறேன். அவர் சொல்லாமல் கியரை மாற்றினார். அவள் கால் நழுவியது. சங்கிலி கழன்றது. இறங்கி மாட்டினார்கள். பத்து நிமிஷம் போயிற்று.

மறுபடி ஏறினார்கள். மறுபடி கழன்றது.

இரண்டரை ஆகிவிட்டது. மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஏறி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பள்ளம்" என்றாள்.

பள்ளம் எதுவும் இல்லை.

"வலது வளைவு."

சாலை அம்பு மாதிரி நேராக இருந்தது.

"வேகத்தடை. மறுபடி பள்ளம். குறுக்க ஆடு."

அப்பா பிரேக்கை அழுத்தினார். "ஆடா? எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு உங்க முதுகுதான் தெரியுது."

"அப்புறம் ஏன் சொல்றே?"

"யாராவது சொல்லணும் இல்லப்பா. நீங்க சொல்லலை, அதான் நான் சொல்றேன்."

நான் வேனை நிறுத்தினேன். அப்பா திரும்பவில்லை. அவர் தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

"சொல்ல வாயெடுத்தா அம்மா பேர்தான் முதல்ல வருது" என்றார்.

"வரட்டுமே. அதுக்கப்புறம் பள்ளம்னு சொல்லுங்க."

அவர் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு பள்ளத்துல உன்னைத் தூக்கிப் போட்டதுக்கு, உங்க அம்மாவா இருந்தா முதுகுல ஒண்ணு வச்சிருப்பா."

"நான் வைக்கவா?"

"வை."

அவள் வைத்தாள். ஈர முதுகில் அது பளார் என்று கேட்டது. கிளம்பினார்கள்.

"பள்ளம், இடது பக்கம்."

"சரி."

"கியர் மாத்தறேன். இப்போ."

"சரிப்பா."

சங்கிலி அதற்குப் பிறகு கழலவில்லை. என் வேன் இரண்டாம் கியருக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கே அது மூன்றுமுறை இருமியது.

ஆனால் கடிகாரம் யாருக்காகவும் நிற்கவில்லை. உச்சியில் மேசைக்கார அம்மா குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் அட்டையை நீட்டினார்கள். அவர் கடிகாரத்தைக் காட்டினார். மூன்று மணி ஒன்பது நிமிஷம்.

"ஒன்பது நிமிஷம்தானே" என்றேன் நான்.

"ஒன்பது பேருக்கு இன்னைக்கு இல்லைன்னு சொல்லியிருக்கேன். இவங்களுக்கு மட்டும் எப்படி?" என்றார். அவர் குரலும் ஈரமாகத்தான் இருந்தது. "நம்பர் அட்டையைக் கொடுத்துடுங்க. வேன்ல ஏறிக்கலாம். இல்லை, உங்க பாட்டுக்குச் சொந்தமா ஓட்டிக்கிட்டுப் போகலாம். அது கணக்குல வராது."

மகள் குனிந்து சைக்கிளில் கட்டியிருந்த நம்பர் அட்டையை அவிழ்க்கப் பார்த்தாள். விரல் விறைத்து முடிச்சு வரவில்லை. அப்பா அவிழ்த்துக் கொடுத்தார்.

நான் வேனின் பின்கதவைத் திறந்து வைத்தேன். அப்படி ஒரு கனமான கதவை நான் ஆயுசில் திறந்ததில்லை. மனசு கேட்கவில்லை. "சார், அடுத்த வாரம் ஒருத்தர் இதைப் பார்க்க வராராமே" என்றேன்.

அப்பா மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"வரவேணாம்னு போன் பண்ணிடணும்" என்றார். பிறகு சட்டை நுனியால் பின் சீட்டில் தேங்கிய தண்ணீரைத் துடைத்தார். ஒரு துளி விடாமல் துடைத்தார். அதன்மேல் மழை பெய்துகொண்டே இருந்தது.

"இறக்கத்துல ரொம்பக் குளிரும். வேன்ல வரியா?" என்று மகளைக் கேட்டார்.

"நீங்க சொல்லிக்கிட்டே வருவீங்களா?"

"தொண்டை கட்டற வரைக்கும்."

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

அவர்கள் இனி என் பொறுப்பில் இல்லை. நான் நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். மூடுபனியில் என் வேனின் மூக்கே எனக்குத் தெரியவில்லை. சைக்கிளும் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"வலது வளைவு. மெதுவா. சரளைக்கல் இருக்கு."

"சரிப்பா."

"இப்போ இடது."

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். அவர் இடது என்றதும் இடது பக்கம் திருப்பினேன். பள்ளம் என்றதும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.