காலுக்குள் ஓடும் எலிக்குட்டி

"அப்பா, மஸில்னா என்னன்னு தெரியுங்களா? லத்தீன்ல எலிக்குட்டின்னு அர்த்தமாமா!" மிதிலா இட்லித் தட்டைத் தள்ளிவிட்டுத் தன் கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்திக் காட்டினாள். "பாருங்க, தோலுக்குள்ளயே ஓடுது!"

சிவநேசனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்பது வயதுக்கு என்ன வாய்!

எல்லாம் சொற்செவி என்ற குட்டிக் கருவி பார்க்கும் வேலை. கம்மல் மாதிரி காதில் ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் யார் ஆங்கிலச் சொல்லை உதிர்த்தாலும் அதன் பொருள், பிறந்த கதை, புழங்கும் விதம் எல்லாவற்றையும் தமிழில் காதோடு ஓதிவிடும். முன்பு பள்ளி நேரத்தில் மட்டும்தான் கேட்டது. மகள் ஆங்கிலத் தேர்வில் முதலாவதாக வரவேண்டுமே! போன வாரம் சிவநேசன்தான், வீட்டுப் பேச்சையும் கேட்கும் 'வீட்டுப் புழக்கம்' என்ற வசதியையும் முடுக்கிவிட்டான். கோவையில் பாதி அப்பாக்கள் அதைத்தான் செய்திருந்தார்கள்.

பாடமெல்லாம் தமிழுக்கு வந்துவிட்ட காலம் அது. பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சு புரியாது. அதனால் பெரியவர்களுக்கு ஒரு பெரிய வசதி. கெட்ட சேதி என்றால் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடலாம். பிள்ளை பாட்டுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்.

மிதிலாவின் வலது முழங்காலில் வந்த வீக்கத்தைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள். காரில், அடுப்படியில், அவள் தலையை வாரிக்கொண்டே. அன்று மருத்துவமனையிலும் அதேதான். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, சிவநேசனும் மனைவி தமயந்தியும் முகத்தில் எதுவும் காட்டாமல் தலையாட்டினார்கள்.

"நாளைக்குச் சும்மா ஸ்கேன் எடுக்கறாங்க கண்ணு," என்றாள் தமயந்தி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும்.

மிதிலா முழங்காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அம்மா, ட்யூமர்னா வீங்கறதுங்களாமா?"

தமயந்தியின் கை கணவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

சிவநேசனுக்குத் தான் முடுக்கிவிட்ட வசதி நினைவுக்கு வந்தது. கடவுளே, இந்த ஒரு வாரமாக என்னவெல்லாம் பேசினோம்? ஒவ்வொரு பேச்சாக நினைத்துப் பார்த்தான். அந்த ஒரு சொல் மட்டும் அவள் காதில் விழுந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். அதைத்தான் அதிகம் சொல்லியிருந்தான்.

"இன்னொரு வார்த்தை தினமும் வருதுங்கப்பா. ஆம்ப்யூட்னு. மரத்துல கிளைய சுத்தியும் கழிச்சு விடுவாங்கல்ல, அதுலருந்து வந்ததாமா. உங்க வீட்டுல ரொம்பப் புழங்கற வார்த்தை, நல்லாப் படிச்சுக்கோன்னு சொல்லுது."

"ஏனுங்க, அதக் கழட்டுங்க! கழட்டித் தொலைங்க!" தமயந்தி கத்தியேவிட்டாள். நடந்துபோன நர்ஸ் நின்று பார்த்தாள்.

சிவநேசன் மகளின் காதருகே கையைக் கொண்டுபோனான். மிதிலா அந்தக் கையைப் பிடித்துத் தன் காலின்மேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குதுங்கப்பா. காலை எடுத்துட்டா இந்த எலிக்குட்டி எங்கப்பா போகும்?"

அவன் கைக்குக் கீழே தசை துடித்தது. ஏதாவது சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும். பழக்கதோஷம்! மனைவி பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்.

மிதிலா, சொற்செவி இருந்த பக்கம் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்கத் தொடங்கினாள்.