சாம்பல் நிற டிக்குகள்

ஐஸ்கிரீம் கிடங்கில் தங்கைக்கு அது முதல் நாள். செத்துப்போன அக்காவின் வேலையையே அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். முதலாளிக்குப் பரிதாபம் பாதி, விஷயம் வெளியே போய்விடுமோ என்ற பயம் பாதி.

சூப்பர்வைசர் குளிர் அறையைக் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கதவு. இடுக்கில் வெள்ளைப் புகை கசிந்தது. ஈர அட்டையும் வெனிலாவும் கலந்த வாடை. அதற்கு அடியில், அக்கா தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாடை.

"இப்ப உள்பக்கமும் கைப்பிடி போட்டாச்சும்மா. பயப்படாத."

"ஒரு ஆள் செத்தப்புறம் போட்டீங்களாக்கும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு லாரியைப் பார்க்கப் போனார்.

பேக்கிங் மேசையில் வாயாடி நின்றிருந்தாள். அக்காவின் உயிர்த்தோழி. 'வாயாடி' கிடங்கே வைத்த பெயர், பொருத்தமான பெயர்தான். இன்று மட்டும் தலை நிமிரவில்லை.

தங்கை அக்காவின் போனை அவள் முன்னால் வைத்தாள். அதில் கடைசி மெசேஜ், வாயாடிக்குப் போனது. 'கதவு சிக்கிக்கிச்சு. வா.' அதை அனுப்பியதும் குளிரில் பேட்டரி செத்தது. அப்புறம் அக்கா. மெசேஜின் ஓரத்தில் இரண்டு டிக், போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் இன்னும் சாம்பல் நிறம்; யாரும் திறக்கவில்லை.

"வாயாடிக்கா, இதைப் பாத்தீங்களா இல்லையா?"

"சத்தியமா பாக்கல பாப்பா. பாத்திருந்தா டிக் நீலமாயிருக்காதா? நீயே பாரேன்."

பேரத்தில் முதலில் வாய் திறப்பவன் தோற்றான் என்பது வியாபாரிகளின் வேதம். இந்தப் பிள்ளைகள் அதை நட்புக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். மெசேஜைத் திறப்பதில்லை. திரையின் மேல்விளிம்பில் எட்டிப்பார்க்கும் வரியை மட்டும் படித்துக்கொள்வது. டிக் நீலமாகாது. அனுப்பியவர் வயிறெரிந்து கிடப்பார். வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கும் வாய்த்த ஜமீன்தார் அதிகாரம்!

தங்கையும் அதே தலைமுறைதான். அவளிடமா பூச்சுற்றுவது?

"அவ செத்து நாலு மாசம் ஆகுது. கடைசியா என்ன அனுப்பினான்னு பாக்காத ஒருத்தி, இந்நேரம் நூறு தடவ தொறந்து படிச்சு அழுதிருப்பா. நீ ஏன் இன்னும் தொறக்கல?"

வாயாடி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"மேலயே பாத்தேன்," என்றாள் மெதுவாக. "முந்தின நாள் எங்களுக்குள்ள சண்ட. அவ வான்னா நான் ஓடணுமா, கொஞ்சம் துடிக்கட்டும்னு... அதுக்குள்ள லோடு வந்துடுச்சு. மறந்தே போயிட்டேன்டி."

"தொற."

"வேணாம் பாப்பா..."

"தொறடி!"

வாயாடி தன் போனில் விரலை வைத்தாள். மேசையில் கிடந்த அக்காவின் போனில் இரண்டு டிக்கும் நீலமாயின.

எங்கோ கம்ப்ரஸர் நின்றது. கிடங்கே மூச்சை அடக்கிக்கொண்டது போலிருந்தது.

"பெட்டியை எடுத்துட்டு வாங்கம்மா, லாரி நிக்குது!" வெளியிலிருந்து சூப்பர்வைசர் கத்தினார்.

அங்கே நிற்க முடியாமல் வாயாடி குளிர் அறைக்குள் ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்றில்லை. யாரும் தொடவில்லை.

உள்ளே கைப்பிடி கடகடவென்று ஆடியது. அக்காவின் போன் அதிர்ந்தது. திரையின் மேல்விளிம்பில் வாயாடியிடமிருந்து ஒரு வரி.

'கதவு தொறக்கல. வா.'

தங்கை அதைத் திறக்கவில்லை.

கொஞ்சம் துடிக்கட்டும்.

அப்படி நினைத்த மறுகணம் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பாய்ந்து கதவை இழுத்தாள். அசையவில்லை. பூட்டியது போலில்லை, யாரோ காலை ஊன்றி எதிர்ப்பக்கம் இழுப்பது போலிருந்தது. எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது.

"அக்கா, போதும். விட்டுடு. அக்கா!"

போனைப் பார்த்தாள். யார் விரலும் படாமல் அந்த மெசேஜ் திறந்து கிடந்தது.

அக்கா பார்த்துவிட்டாள். பதில்தான் இல்லை.

சூப்பர்வைசர் கடப்பாரையோடு ஓடிவந்து கீலைப் பெயர்த்தபோது வாயாடி உயிரோடு இருந்தாள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அன்றே தங்கை அக்காவின் போனை அணைத்தாள். சிம்மை எடுத்துக் கத்தரியால் இரண்டாக வெட்டிச் சாக்கடையில் போட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாயாடி போர்வைக்குள் சுருண்டு, தன் போனையே வெறித்துக்கொண்டிருந்தாள். திரையில் அக்காவின் பெயர். அதன் கீழே 'டைப்பிங்...' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

"என்ன எழுதுறா?" தங்கை கேட்டாள்.

வாயாடி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்திலிருந்து எழுதுறா, அழிக்கிறா. இன்னும் அனுப்பல."