நோன்பில்லாத மருமகள்

நோன்பு மாதத்துக் காலையில் மருமகளின் கட்டிலுக்கடியில் எச்சில் பீங்கான் தட்டு கிடந்தால் எந்த மாமியாருக்குத்தான் நெஞ்சு பொறுக்கும்? சாரா உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பீங்கானையும் தேத்தண்ணிக் கோப்பையையும் முற்றத்துக்கே கொண்டுவந்து வைத்தார். கஞ்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"முதல் கிழமை ஏழு நாளும் கண்டும் காணாத மாதிரி இருந்தன். பொம்புளைகளுக்கு விலக்கு இருக்குத்தானே எண்டு. அது என்ன புள்ள, மாசம் முழுக்க விலக்கு?"

மருமகள் லெய்லா தலைகுனிந்து நின்றாள். விடியுமுன் உண்ட சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர்கூட அவள் தொண்டையில் இறங்கவில்லை.

"பசி தாங்க ஏலாது மாமி... நான்தான் திண்டன்."

தின்றவன் அவள் கணவன் றவூப். பாலாவியில் உப்பு லொறி ஓட்டுகிறவன். சில மாதமாக வயிற்றால் இரத்தம் போனது. அடிக்கடி வெளிக்குப் போக லொறியை நிறுத்தி மறைவிடம் தேடியே அவனுக்குப் பாதி நாள் கழிந்தது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் அழற்சி என்றார் டொக்டர். ஸ்டீரொயிட் மருந்து கொடுத்தார். விழுங்கும் குளிசை அல்ல, டின்னில் வரும் நுரை. பின்வழியாகச் செலுத்திவிட்டு இடப்பக்கம் சரிந்து கிடக்க வேண்டும். புண் இருக்கும் இடத்திலேயே வேலை செய்யும், உடம்பு முழுக்கப் பரவுவது குறைவு என்று விளங்கப்படுத்தினார். காலையும் மாலையும் வைக்க வேண்டும், இரத்தம் குறைந்த உடம்புக்கு இம்முறை நோன்பும் வேண்டாம் என்றார்.

பகலில் பின்வழியாக மருந்து வைத்தால் நோன்பு முறியுமே என்று றவூப் மருந்தையே தள்ளிப்போடப் பார்த்தான். நோயாளிக்கு விலக்கு உண்டு, சுகமானபின் பிடித்துக்கொள்ளலாம் என்று லெய்லா மன்றாடித்தான் இணங்க வைத்தாள். அவன் ஒரே நிபந்தனை போட்டான். உம்மாவுக்குக்கூட இது தெரியக் கூடாது. இப்படியொரு வருத்தம், இப்படியொரு மருந்து என்று ஊர் கதைத்தால் அவன் செத்தே போவானாம். வெளியில் இடுப்பு நோவு என்று சொல்லிவைத்தார்கள்.

"உன்ட வாப்பாவுக்குச் சொல்லி அனுப்புறன். வந்து மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும்," என்றார் சாரா உம்மா.

லெய்லாவுக்கு உலகமே இருண்டது. பெண் வீட்டில் மாப்பிள்ளை இருப்பதுதான் அவர்கள் வழக்கம். யுத்தம் முடிந்து மன்னாருக்குத் திரும்பிய வாப்பா கட்டத் தொடங்கிய சீதன வீடு அத்திவாரத்தோடு நிற்பதால்தான் கரைத்தீவில் மாமி வீட்டில் இருக்கிறாள். அதுவே ஒரு குறை. நோன்பில்லாதவள் என்ற பெயரும் சேர்ந்தால் வாப்பா எந்த முகத்தோடு பள்ளிவாசலுக்குப் போவார்? அப்படியும் பாவி மகள் கணவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அறைக் கதவு திறந்தது. றவூப் வந்து நின்றான்.

"உம்மா, அந்தப் பீங்கான் என்ட. நோம்பில்லாதது நான். அவள் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறாள்."

"இடுப்பு நோவுக்கு யாராவது நோம்பை விடுவாங்களா மகன்?"

"இடுப்பில்ல உம்மா..."

பெண்கள் சுளகைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

"இருங்க. உங்களுக்கு முன்னாலதானே அவளுக்கு ஏச்சு விழுந்தது," என்றான்.

முகம் சிவக்கச் சிவக்க எல்லாவற்றையும் சொன்னான். மருந்து டின்னையும் காட்டினான். சாரா உம்மா அப்படியே குந்திவிட்டார்.

"இரத்தம் போனதைப் பெத்தவளுக்குச் சொல்ல வெக்கமா? சின்னதுல உன்ட குண்டி கழுவினது யாரு?"

அரிசி புடைத்தவர்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

"இப்ப இரத்தம் நிண்டுட்டு உம்மா. டொக்டர் சொன்ன வரைக்கும் மருந்தை வைக்கணும்."

சாரா உம்மா மருமகளிடம் திரும்பினார்.

"ஏன் புள்ள நீ சொல்லல்ல?"

"அவருக்கு வெக்கம் மாமி."

"உனக்கில்லையா வெக்கம்? இத்தனை பேருக்கு முன்னால..."

"அவர் சுகமானாப் போதும் மாமி..."

அதற்கு மேல் சாரா உம்மாவால் கேட்க முடியவில்லை. அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அதுவரை அடக்கிய அழுகையெல்லாம் லெய்லாவுக்கு அந்தத் தோளில்தான் வந்தது.

மறுநாள் காலை சாரா உம்மாவே அடுப்பு மூட்டி மகனுக்கு ரொட்டி சுட்டார். புகையைக் கண்டு வேலிக்கு அப்பால் ஒருத்தி, "என்ன, நோம்பு நாள்ல அடுப்பு?" என்று கேட்டாள்.

தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னார் சாரா உம்மா.

"மகனுக்குக் குடல்ல புண். மருந்து வச்சு இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கிறான். நோம்போட அவனைப் பார்க்கிறது என்ட மருமகள். ஆருக்காவது கதைக்கணும் எண்டா அதைக் கதைங்க."

உள்ளே றவூப் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டான். பக்கத்தில் இருந்த லெய்லா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.