கோபுரம் தெரியும் மாடி அறை

ஜெயபாரதிக்கு மெட்ராஸ் பைத்தியம் பிடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கோவில்பட்டியிலிருந்து டைப்பிஸ்ட் வேலைக்கு வந்த பெண், ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துப் போட்டுவிட்டு ஹாஸ்டலில் படுத்துக் கிடப்பாள் என்று பார்த்தால், செருப்புத் தேயத் தேயத் தெருத் தெருவாக அளந்தாள். பாண்டி பஜாரில் நுழைவாள், லஸ் கார்னரில் காப்பி குடிப்பாள், மயிலாப்பூர் குளத்துப் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பாள், பட்டினப்பாக்கம் போய் வலை காய்கிற மணலில் கால் புதைய நிற்பாள். எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று இங்கேயே பிறந்தவர்களுக்கு வழி சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். கட்டினால் இந்த ஊரைத்தான் கட்டுவேன் என்று அறைத்தோழி சீதாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பில் மண் விழப் பார்த்தது. தி.நகர் ஹாஸ்டலை மாதக் கடைசியில் மூடப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் கௌரவமான வீடு கிடைக்காவிட்டால் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிவிடுவார். ஊரில் மாப்பிள்ளை தயார். சீதாவோடு சேர்ந்து குடியிருக்க அவள் வீடு தேட ஆரம்பித்தாள். சீதா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, தனியாக பஸ் ஏறவே பயப்படுவாள். அதனால் அலைந்தது ஜெயபாரதி மட்டும்தான்.

எழுபத்து மூன்றாம் வருஷம், ஒரு சனிக்கிழமை. ஆபீஸ் அரை நாள். மூன்று மணி வெயிலில், மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், 'வாடகைக்கு விடப்படும்' என்று அட்டை தொங்கிய பழைய வீட்டைப் பார்த்தாள். கதவு திறந்தே கிடந்தது.

படி தாண்டியதும் வெளிச்சம் பட்டென்று குறைந்தது. தரை அப்போதுதான் கழுவி விட்ட ஈரமாக இருந்தது. கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் சுவரோரமாக, தலைமுடியை விரித்துப் போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. மூலையில், தரையில், ஒரு விளக்கு எரிந்தது. பல நாள் தேங்கிய தண்ணீரின் வாடை எங்கிருந்தோ வந்தது.

வேறு நாளாக இருந்தால் பார்த்த மாத்திரத்தில் புரிந்திருக்கும். அன்று அவள் கண்ணில் வீடு மட்டும்தான் பட்டது.

ஒரு மாமி எழுந்து மாடிக்கு அழைத்துப் போனாள். சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் கபாலி கோயில் கோபுரம். ஜெயபாரதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது போதும் மாமி. வேற ஒண்ணும் வேண்டாம்."

"பிடிச்சிருக்கோல்லியோ?" மாமியின் குரல் மூச்சுக்கு மேல் எழவில்லை.

கீழே வந்து வாசல்படியில் நின்றவள், வாய்ப் பழக்கத்தில், "போயிட்டு வாரேன்" என்றாள்.

ஏழெட்டுத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

"வாங்கோ" என்றாள் மாமி.

தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. கழுவிய தரை, பகலில் எரியும் விளக்கு, விரித்த தலைகள். அது சாவு வீடு. சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். 'வாரேன்' என்றால் அங்கே இன்னொரு சாவைக் கூப்பிட்டதாக ஆகும். கோவில்பட்டியில் பால்வாடிப் பிள்ளைக்கும் இது தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் பாண்டி பஜாரில் வலது பக்கம் திரும்பினாள்.

மயிலாப்பூரில் பார்த்த அந்தச் சந்து. அந்த ஈரத் தரை.

பதறி ஓடி அடையாறு பஸ்ஸில் ஏறினாள். பாலம் தாண்டி இறங்கி, மர நிழலில் நடந்தாள்.

அதே கதவு. திறந்திருந்தது.

பட்டினப்பாக்கத்தில் மீன் கூடைகளுக்கு நடுவிலும் அது நின்றது. மீன்காரப் பெண்கள் அதைப் பார்க்காமலே தாண்டிப் போனார்கள். வாசலில் ஏழெட்டுப் பேரும் வரிசையாக நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தே நாளில் அவளுக்கென்று இந்த ஊரில் ஒரு தெரு மிஞ்சவில்லை. ஆறாம் நாள் காலையில் ஹாஸ்டல் கேட்டுக்கு எதிரிலேயே மாமி நின்றாள்.

"வரேன்னு சொன்னேளே."

"தெரியாமச் சொல்லிட்டேன் மாமி. விட்டுருங்க."

"இந்த ஊரை விட்டுப் போயிட்டா விட்டுடுவோம். நாங்க இதைத் தாண்ட மாட்டோம். இங்கேயே இருக்கணும்னா, நீங்க சொன்ன வார்த்தைக்கு யாரானும் ஒருத்தர் வரணும்." மாமி சற்று நிறுத்தினாள். "நீங்களேதான்னு இல்லை."

பெட்டியைக் கட்டி எழும்பூருக்குப் போயிருந்தால் தீர்ந்தது. பெட்டியை எடுக்கவும் செய்தாள். கோவில்பட்டியையும் அந்த மாப்பிள்ளையையும் நினைத்தாள். பாவி, ஒரு ராத்திரிகூட யோசிக்கவில்லை. பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"சீதா, வீடு கிடைச்சிட்டு. இன்னைக்கு மத்தியானம் நீ போய்ப் பாரு. ஜெயபாரதி அனுப்புனான்னு சொன்னா போதும்."

"தனியாவாக்கா? பயமா இருக்கு."

"எனக்கு ஆபீஸ்ல வேலை. வழியெல்லாம் எழுதித் தாரேன்."

"நீ சொன்னா சரிதான். எனக்கு இங்க உன்னைய விட்டா யாரு இருக்கா?" என்று சீதா சிரித்தாள். ஜெயபாரதி அவளுக்குத் தலை பின்னி, பூ வைத்து, பஸ் நிறுத்தம் வரை போய் ஏற்றியும் விட்டாள்.

சீதா திரும்பவில்லை. தெருக்கள் திரும்பி வந்தன.

சீதாவின் அப்பா அய்யாதுரை போட்டோவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். மயிலாப்பூர் முழுக்க அவருக்கு வழிகாட்டியது ஜெயபாரதிதான். அந்த ஒரு சந்தை மட்டும் விட்டுவிட்டாள். "உன்னைய நம்பித்தாம்மா விட்டேன்" என்று அவர் நடுத்தெருவில் அழுதபோது, சோடா வாங்கிக் கொடுத்தாள். பத்து நாளில் அவரை ரயிலேற்றி அனுப்பினாள்.

அடையாற்றில் நல்ல குடும்பத்தில் ஓர் அறை அமைந்தது. அப்பா வந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஜெயபாரதி பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"மயிலாப்பூர் ஒண்ணு."

கண்டக்டர் இரண்டு கிழித்தார்.

"ஒண்ணுதான் கேட்டேன்."

"பக்கத்துல குந்திக்கினு கீதே, அதுக்கு யாரும்மா எடுப்பா? கேட்டா உன்னிய கைகாட்டுது."

திரும்பினாள். இருக்கை காலி. ஆனால் நனைந்திருந்தது. விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது.

அவள் இரண்டு டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டாள்.

குளிர்ந்த விரல்கள் அவள் விரல்களுக்குள் நுழைந்து இறுக்கிக்கொண்டன.

"இது எந்தத் தெருக்கா?" என்று காதோரம் கேட்டது.

ஜெயபாரதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மெதுவாக, தெருவின் பெயரைச் சொன்னாள்.