காதில் நாலாயிரம் பேர்

ஆட்டம் உள்ள நாட்களில் அமைதிக்கடல் மகளிர் கல்லூரியின் கால்பந்துப் பெண்கள் முதலில் எடைக்காலணி போட்டுக்கொள்வார்கள், பிறகு தலைமுடியை வலைக்குள் அடக்குவார்கள், கடைசியாக நாலாயிரம் பேரைக் காதில் மாட்டிக்கொள்வார்கள்.

நாலாயிரம் பேரும் ஒரு தோட்டுக்குள் இருந்தார்கள். ஒலித்தோடு என்று பெயர். கம்மல் அளவுதான். நிலாவில் கால்பந்து ஆடுவது பெரிய காரியமில்லை. அதை உட்கார்ந்து பார்ப்பதுதான் கஷ்டம். மைதானத்தை மூடியிருக்கும் கவிகைக்குள் அடைத்து வைத்திருக்கும் காற்று, ஆடுகிறவர்கள் ஓடி இளைப்பதற்கே சரியாகப் போய்விடும். நாலாயிரம் பேர் வந்து உட்கார்ந்து, கத்தி, கொட்டாவி விட்டுப் போவதற்கு யார் காற்று கொடுப்பது? ஆகவே ரசிகர்கள் தத்தம் வீட்டுச் சுவர்த்திரையில் பார்த்தார்கள். "நேர்ல பாக்கவும் கூடாது, கத்துனா கேக்கவும் கேக்காதுன்னா நாங்க எதுக்கு ரசிகர்?" என்று ஒரு காலத்தில் பெரிய போராட்டம் நடந்தது. அதன் பலனாக வந்தது ரசிகர் பங்கேற்பு விதி. வீட்டிலிருந்து கத்துகிறவர் குரல் ஆடுகிறவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராத ஆட்டம் செல்லாது.

அத்தனை குரலும் அப்படியே போய்ச் சேர்ந்தால் பெண்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்பதால் நடுவில் தொகுப்பி என்றோர் இயந்திரத்தை வைத்தார்கள். அது எல்லாக் கூச்சலையும் கேட்கும். வசவுகளை வடிகட்டும். மிச்சத்தில் அதிகம் பேர் சொன்ன சொல் எதுவோ, அதை மட்டும் இனிமையான குரலில் காதில் சொல்லும். அமைதிக்கடல் அணி ஆடும்போது, வடிகட்டிய பிறகு ஒன்றோ இரண்டோ சொல்தான் மிஞ்சும்; அதையே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.

பயிற்சியாளர் தில்லைநாயகி ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பாள். ஆட்டம் தொடங்கிவிட்டால் அவள் ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது. ஊரே சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கையில் ஒருத்தி மட்டும் தனியாகச் சொல்வது பாரபட்சம் என்று விதி சொன்னது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. இயல்பிலேயே வாயைத் திறக்க யோசிக்கிறவள். கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்வதற்குள் கேட்டவர் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று கல்லூரியில் சொல்வார்கள். அவளுக்கு வருத்தமெல்லாம் அணி தோற்பதில்தான். தோற்பதையும் ரசிகர்கள் விடாமல் நம்பிக்கையோடு பார்த்தார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

அந்தப் பருவத்தின் நடுவில் கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க மேடம். மைதானத்துக்கு விளக்கு, காற்று, சூடு எல்லாம் ஆகுது. கீரை வளக்கற பிரிவுக்காரங்க அந்த எடத்தைக் கேக்கறாங்க."

தில்லைநாயகி வெகுநேரம் யோசித்தாள். "கீரையா?"

"கீரை தோக்காது மேடம். இந்தப் பருவத்துல ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டுங்க, நான் அவங்க வாயை அடைக்கறேன். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஜெயிக்க வேண்டிய அந்த ஓர் ஆட்டம், மழைக்கடல் கல்லூரிக்கு எதிராக, கிட்டத்தட்டக் கைக்கு வந்தது. முடியப்போகும் நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. மழைக்கடல் கோல்காரி தேவையில்லாமல் எகிறிக் குதித்துவிட்டாள். நிலாவில் எகிறிக் குதிப்பது எளிது. இறங்கி வருவதற்கு நேரம் பிடிக்கும். அவள் மேலே மிதந்துகொண்டிருக்க, காலியான கோலின் முன்னால் அமைதிக்கடலின் முன்வரிசை ஆட்டக்காரி பவளக்கொடி தனியாக நின்றாள். பந்து அவள் காலடிக்கே உருண்டு வந்தது. கூண்டுக்குள் தில்லைநாயகி நகத்தைக் கடித்தாள்.

பவளக்கொடி காலைத் தூக்கினாள். அப்படியே தூக்கியபடி நின்றாள். பந்து அவள் காலுக்கடியில் நிதானமாகப் போய், கம்பத்தைத் தாண்டி வெளியேறியது. அடுத்த நிமிடம் எதிரணி கோல் போட்டது.

உடைமாற்றும் அறையில் கோல்காரி நஸ்ரின் கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தாள். அது பொறுமையாக மேலே கிளம்பியது.

"ஏண்டி விட்ட?"

"காதுல விடுன்னாங்க, விட்டேன்."

"ஓங்கி ஒண்ணு விடுன்னு அர்த்தம்டி, லூசு!"

"எனக்கென்ன தெரியும்? பின்னால யாரோ வர்றாங்க, அவளுக்கு விடுன்னு நெனச்சேன். அடிக்கணும்னா அடின்னு சொல்ல வேண்டியதுதான?"

"அடின்னு சொன்னா தொகுப்பி வடிகட்டிடும். போன பருவத்துல யாரோ நம்மள அடிப்பேன்னு மிரட்டுனதுல அது வசவாயிடுச்சு."

பவளக்கொடி தோட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தில்லைநாயகிக்குத் தெரியவில்லை. அப்போது அமைதிக்கடல் ரசிகர் மன்றத் தலைவர் குழந்தைவேலு தொலைபேசியில் அழைத்தார். தண்ணீர் மீட்பு ஆலையில் மேற்பார்வையாளர். தாய்ப்பால் குடித்த காலத்திலிருந்தே இந்த அணிக்கு ரசிகர் என்று சொல்லிக்கொள்பவர்.

"என்ன மேடம், அந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியாதா? தொண்டை கிழிய விடு விடுன்னு கத்தறோம், மரமாட்டம் நிக்குது!"

தில்லைநாயகி மேலே மிதந்த கையுறையைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

"சரி, விடுங்க மேடம். அடுத்த பருவம் தேறிடுவோம்."

ஒரே சொல்லால் உதைக்கவும் சொல்கிறார்கள், உதைக்காதே என்றும் சொல்கிறார்கள், உதைக்காமல் தோற்றுப்போன பிறகு ஆறுதலும் சொல்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த பருவத்தில் அந்த மைதானத்தில் முளைக்கப்போவது சிறுகீரை என்று அந்த மனிதரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கடைசி ஆட்டம் தென்முனைக் கல்லூரியோடு. நடுவர் ஊதுகுழலை வாயில் வைத்த நேரத்தில் தில்லைநாயகி கூண்டின் பின்சுவரில் இருந்த மூடியைத் திறந்து, தொகுப்பியிலிருந்து மைதானத்துக்குப் போகும் கம்பியைப் பிடித்து இழுத்தாள். கீரைத்தண்டைப் பிடுங்குவதுபோல் சுலபமாக வந்துவிட்டது. அதை மடியில் போட்டுக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

மைதானத்தில் நஸ்ரின் காதைத் தட்டிப் பார்த்தாள். பவளக்கொடி தோட்டைத் திருகினாள். ஒன்றும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டையின் நடுவே தூங்கிப் பழகியவர்களைத் திடீரென்று காட்டில் கொண்டுபோய் விட்டதுபோல் விழித்தார்கள். அந்தத் திகைப்பிலேயே ஒரு கோலை வாங்கினார்கள். தில்லைநாயகி கம்பியை மறுபடி செருகிவிடலாமா என்று பார்த்தாள். கை எழவில்லை.

அப்போது நஸ்ரின் கோலிலிருந்து கத்தினாள். "ஏ பவளா! எடது பக்கம் காலியா கெடக்குடி!"

பவளக்கொடி திரும்பிப் பார்த்தாள். இத்தனை காலமாக ஒன்றாக ஆடுகிறார்கள். மைதானத்துக்குள் ஒருத்தி பேசி இன்னொருத்தி கேட்டது அதுதான் முதல் தடவை. இடது பக்கம் உண்மையிலேயே காலியாகத்தான் கிடந்தது. அதற்குப் பிறகு பெண்கள் வாயை மூடவே இல்லை. திட்டிக்கொண்டார்கள், கெஞ்சினார்கள், ஒருத்தி பெயரைச் சொல்லி இன்னொருத்தி சிரித்தாள். வாங்கிய கோலையும் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் நஸ்ரின் பக்கவாட்டில் பாய்ந்து, மிதந்து, கோலுக்குள் போகவிருந்த ஒரு பந்தை விரல் நுனியால் திருப்பி அனுப்பினாள். பவளக்கொடி யாரும் சொல்லாமலே சட்டென்று திரும்பி அடித்த இரண்டாவது கோலில் அமைதிக்கடல் ஜெயித்தது.

பாராட்டு விழா ரசிகர் மன்றக் கூடத்தில் நடந்தது. மேடையில் ரசிகர்கள் உட்கார்ந்தார்கள். அணிக்கு இடம் கீழே, மூன்றாம் வரிசையில் போட்டிருந்தார்கள்.

"அந்த ரெண்டாவது கோலை எல்லாரும் பாத்தீங்க" என்று குழந்தைவேலு தொடங்கினார். "திரும்புன்னேன். திரும்பினா. என் கண்ணால பாத்தேன்!"

"திரும்புன்னு சொன்னது நானு" என்றாள் அருகில் இருந்த அவர் மனைவி அமிர்தம். "நீங்க அப்போ குளியலறையில இருந்தீங்க."

"உள்ளருந்துதான்டி சொன்னேன்!"

கூடம் கைதட்டியது. இன்னொரு பெரியவர் எழுந்து, நஸ்ரினைத் தாவச் சொன்னது தான்தான் என்று தழுதழுத்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "அம்மா நஸ்ரின், மேல வந்து ஐயாவுக்கு ஒரு நன்றி சொல்லிடு" என்று ஒலிபெருக்கி அழைத்தது. நஸ்ரின் மேடையேறினாள். அந்தப் பாய்ச்சலில் சுளுக்கிய தோளோடு, கையைக் கூப்பத் தெரியாமல் கூப்பிக்கொண்டு, கீழே தில்லைநாயகியைப் பார்த்தாள்.

தில்லைநாயகி எழுந்துபோய் ஒலிவாங்கியைக் கையில் வாங்கினாள். வழக்கம்போல் நீண்ட நேரம் பேசாமல் நின்றாள். நன்றியுரை என்று நினைத்துக் கூடம் அமைதியாகக் காத்திருந்தது.

"யாரும் எதுவும் சொல்லலை. சொன்னது எதுவும் இவங்க காதுக்குப் போகலை. ஆட்டம் ஆரம்பிக்கும்போதே நான் கம்பியைப் பிடுங்கிட்டேன். இவங்களா ஆடுனாங்க. இவங்களா ஜெயிச்சாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குரல் சேராத ஆட்டம் செல்லாது. ஜெயித்த ஒரே ஆட்டத்தையும் அவள் தன் வாயாலேயே கெடுத்துவிட்டாள். முன்வரிசையில் கீரைப் பிரிவுத் தலைவர் புன்னகையோடு காலை நீட்டிக்கொண்டார்.

விசாரணையை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடத்தினார். தில்லைநாயகி பிடுங்கிய கம்பியை மேசைமேல் வைத்தாள். தொகுப்பியின் பொறியாளர் வந்து, அன்று ஒரு சொல்கூட மைதானத்துக்குப் போகவில்லை, போயிருக்க வழியே இல்லை என்று உறுதி சொன்னார். ஆட்டம் செல்லாது என்று எழுத நீதிபதி தயாரானபோது குழந்தைவேலு எழுந்தார். அவருக்குப் பின்னால் கூடம் நிறைய ரசிகர்கள் எழுந்தார்கள்.

"மேடம் கம்பியைப் பிடுங்கியிருக்கலாம் ஐயா. அது அவங்க குணம். ஆனா எங்க குரல் போச்சு."

"கம்பி இல்லாம எப்படிப் போகும்?"

"எப்படின்னு எனக்கென்ன தெரியும்? நான் தண்ணி ஆலைக்காரன். திரும்புன்னேன், திரும்பினா. போகாமலா திரும்பினா?"

"தாவுன்னேன், தாவினா" என்றார் பொன்னாடைப் பெரியவர். அதைப் போர்த்திக்கொண்டே வந்திருந்தார்.

"நான் சோறு பொங்கிக்கிட்டே, கால் சறுக்கும், பாத்துன்னேன். அந்தப் பொண்ணு சறுக்கவே இல்ல" என்றாள் இன்னொருத்தி.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பொறியாளர் ஏதோ விளக்கப் பார்த்தார். "படிச்ச திமிரு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"உண்மையைச் சொல்றதுன்னா," என்று தயங்கினார், "தாவுன்னு வீட்ல நானும்தான் சொன்னேன்."

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. ரசிகர்களின் குரல் போய்ச் சேர்ந்திருப்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது. ஆட்டம் செல்லும். கம்பி இல்லாமலே குரல் போய்ச் சேரும்போது தொகுப்பியும் ஒலித்தோடும் வீண்செலவு. அவை இன்றே நீக்கப்படுகின்றன. இனி ரசிகர்கள் அவரவர் வீட்டில் சுவரைப் பார்த்துக் கத்தினால் போதுமானது. ரசிகர்களை அவமதித்த பயிற்சியாளர், அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தை மன்றத் தலைவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்துத் திருந்த வேண்டும்.

கீரைப் பிரிவுக்கு வேறு இடம் பார்த்தார்கள். தில்லைநாயகி வீடு திரும்பும்போது இது தனக்கு வெற்றியா, தோல்வியா என்று பிரித்துப் பார்க்க முயன்று, பாதி வழியில் கைவிட்டாள். நாலாயிரம் பேரும் ஒருசேரப் பொய் சொல்லியிருந்தால்கூடக் கோபப்பட்டிருக்கலாம். அவர்கள் நம்பினார்கள்.

அடுத்த பருவத்தின் முதல் நாள் அவள் குழந்தைவேலு வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அமிர்தம் வறுத்த கடலையும் தேநீரும் கொடுத்தாள். வீடு முழுக்க ஆட்கள். சுவரில் அவளுடைய பெண்கள் வெறுங்காதோடு ஓடினார்கள். "மேல ஏறு!" "அவளைப் பிடி!" "ஐயோ, தூங்கறா பாரு!" என்று கூடமே சுவரோடு சண்டை போட்டது. தன் கையாலேயே கம்பியைப் பிடுங்கிய ஒருத்தி, இத்தனை பேர் சுவரோடு பேசுவதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேநீரைக் குடித்தாள்.

ஆட்டம் சமநிலையில் முடியப்போனது. பவளக்கொடி பந்தோடு தனியாக முன்னேறினாள். அவளுக்குப் பின்னால், அவள் பார்க்காத பக்கத்திலிருந்து, எதிரணிக்காரி ஒருத்தி பாய்ந்து வந்தாள்.

"பவளா! பின்னால பாருடி!"

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தில்லைநாயகி நின்றுகொண்டிருந்தாள். தேநீர் அவள் புடவையில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் பவளக்கொடி சட்டென்று பின்னால் பார்த்தாள், பந்தை ஒதுக்கினாள், பாய்ந்து வந்தவள் வெறுமனே மிதந்து போனாள்.

"பாத்தீங்களா?" என்றாள் தில்லைநாயகி. சுவரைக் கை காட்டினாள். "பாத்தீங்களா? கேட்டுட்டா!"

குழந்தைவேலு சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க மேடம்" என்றார். "புள்ளைக்குக் காது வலிக்கப்போவுது."