அலை நகரின் பின்வாசல்

பழங்காநத்தம் தாண்டி, திருமங்கலம் சாலையிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையின் முடிவில் இருக்கிறது அலை நகர். அங்கிருந்து கடல் வெகு தூரம். ஆனாலும் மனை விற்றவர்கள் அந்தப் பெயரை வைக்க ஒரு காரணம் இருந்தது. குடியிருப்பின் முதுகுப்பக்கம் விருமன் கண்மாய். மழைக்காலத்தில் அது நிரம்பிவிட்டால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். காற்றடித்தால் கரையில் அலை மோதும். அங்கே இருப்பவர்கள் அதை 'பீச்' என்றுதான் சொல்வார்கள்.

உமர் பாரூக் கோரிப்பாளையத்தில் மோட்டார் பம்ப் கடை வைத்திருப்பவர். கடைக்கு மேல்மாடியில்தான் பல வருடம் குடியிருந்தார். குறுகலான படி, ஓயாத ஹார்ன் சத்தம். மகள் ஆயிஷா சித்திகா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுடைய கணவன் இஜாஸ் துபாயில். பிள்ளை பிறக்கும்போதாவது காற்றோட்டமாக இருக்கட்டும் என்று, அலை நகரில் கட்டி முடித்த வீட்டுக்கு ஐப்பசியிலேயே குடிபோனார்கள். சாமான்களை இறக்கியதும் மனைவி ஜெயினம்பு பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரையே வெகுநேரம் பார்த்தாள். கடைசிவரை இங்கேயே இருந்து மவுத்தாகலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அந்த வாரமே குடியிருப்போர் நலச்சங்கத்துத் தலைவர் அழகுபாண்டி வந்து பார்த்தார். செயலாளராக இருந்தவர் திடீரென்று வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டதாகவும், அந்தப் பொறுப்பை பாய்தான் ஏற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். உமர் பாரூக்குக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கூட்டம் ஞாயிறு சாயங்காலம் தகரக் கொட்டகையில் நடந்தது. கொட்டகைக்குப் பின்னால் சுற்றுச்சுவர். அதில் கண்மாய்க்கரைக்குப் போகும் ஒரு இரும்புக் கேட். கேட்டில் துருவேறிய பெரிய பூட்டு. தெருநாய், கொசு, எரியாத விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கண்மாய்ப் பக்கமிருந்து பாசி வாடை அடித்தது.

வேறு ஏதாவது பேச இருக்கிறதா என்று அழகுபாண்டி கேட்டபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இளவயது. நிறைமாதம். சேலை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வெளியே மழை இல்லை.

"அந்தக் கதவக் கொஞ்சம் தொறந்து விடச் சொல்லுங்க," என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அழகுபாண்டி காகிதத்தைப் பார்த்தபடி குப்பை வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மாசமாக இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பதில்கூடச் சொல்லாமல் என்ன மனிதர்கள் இவர்கள் என்று உமர் பாரூக்குக்குக் கோபம் வந்தது.

"தொறந்து விடச் சொல்றேம்மா. நீ உக்காரு," என்றார் அவர்.

கொட்டகை அமைதியானது.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் அழகுபாண்டி பக்கம் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தபோது, அங்கே காலி நாற்காலிதான் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு அழகுபாண்டி அவரைத் தனியே அழைத்துப் போனார்.

"பதில் சொல்லிட்டீகளே பாய்."

பிறகு நடந்ததைச் சொன்னார். எதிர்க்கரையில் கரைப்பட்டி என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்க்காரர்கள் பெரிய சாலைக்குப் போக இந்த இடத்தின் வழியாகத்தான் காலங்காலமாக நடந்தார்கள். மனை பிரித்துச் சுவர் கட்டியதும் சங்கம் அந்தப் பாதையில் கேட் போட்டது. திருட்டு பயம் என்று பூட்டும் போட்டது. போன வருடத்துப் பெருமழையில் கண்மாய் நிரம்பி வழிந்து, மறுகால் பாய்ந்து கரைப்பட்டியின் சாலையை அறுத்துவிட்டது. அன்று பாண்டீஸ்வரி என்ற பெண்ணுக்கு வலி எடுத்தது. புருஷன் அவளைத் தாங்கிப் பிடித்துக் கரை வழியாகவே கேட் வரை கொண்டுவந்துவிட்டான். இருவரும் தட்டினார்கள். வெகுநேரம் தட்டினார்கள். இங்கே எல்லா வீட்டுக்கும் கேட்டது. கள்ளனோ எவனோ என்று ஒருவரும் இறங்கிப் போகவில்லை. சாவி அழகுபாண்டியின் வீட்டில் இருந்தது. மழை விட்டபின் போய்ப் பார்த்தால், அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடியே இறந்து கிடந்தாள். பிள்ளையும் வயிற்றோடு போய்விட்டது.

"மழைக்காலம் வந்துட்டா கூட்டத்துக்கு வந்துருது. நாங்க யாரும் வாயத் தொறக்குறதில்ல," என்றார் அழகுபாண்டி. "முந்தின செயலாளர் ஒருநா பதில் சொல்லிட்டாரு. அன்னைக்கே அவரு வீட்டு வாசல்ல வந்து நின்னுருச்சு."

உமர் பாரூக் வீட்டுக்கு நடந்தார். தன் காலடிக்குப் பின்னால், ஈரத்துணி தரையில் இழுபடுவது போன்ற ஒரு சத்தம் கூடவே வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஓதிக்கொண்டே நடந்தார்.

மறுநாள் அந்தியில் மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் பின்கதவு தட்டப்பட்டது.

வேகமாக இல்லை. உள்ளங்கையால், களைத்துப்போய்த் தட்டுவது போல. ஜெயினம்பு போய்த் திறந்தாள். யாரும் இல்லை. வாசல்படியில் பாசி படிந்த தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் ஹாலின் கதவு. அதற்கடுத்த நாள், ஆயிஷா படுத்திருக்கும் அறையின் கதவு.

"யாரோ என்னய உள்ள விடு, உள்ள விடுங்குறாங்கத்தா," என்றாள் ஆயிஷா தகப்பனிடம். அவள் முகம் வெளிறியிருந்தது.

உமர் பாரூக் சங்கத்தாரைக் கூட்டினார். கேட்டை எடுத்துவிடலாம் என்றார். முதலில் மறுத்தவர்கள், அவர் கண் கலங்கியதும் தலையாட்டினார்கள். வெல்டிங் பட்டறையிலிருந்து ஆட்கள் வந்து கேட்டை அறுத்து எடுத்தார்கள். பூட்டோடு சேர்த்து அதைப் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். சுவரில் வெறும் இடைவெளி மட்டும் இருந்தது. அதன் வழியாகவே உமர் பாரூக் கரைப்பட்டிக்கு நடந்து போய், பாண்டீஸ்வரியின் புருஷன் சின்னக்கருப்பனைப் பார்த்தார். வேப்பமரத்தடியில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவன், எல்லாவற்றையும் தலைகுனிந்தபடி கேட்டான்.

"நானுந்தான் தட்டுனேன் சார். எனக்குக் கை ஓஞ்சு போச்சு. அவளுக்கு ஓயல," என்றான். "நான் கூப்புட்டாலும் திரும்ப மாட்டேங்குறா. நான் என்ன செய்ய?"

மறுபடி குனிந்து குழையைக் கட்ட ஆரம்பித்தான்.

அன்று அந்தியிலும் தட்டும் சத்தம் நிற்கவில்லை. விடிந்ததும் கோரிப்பாளையத்துக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். ஆனால் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாமான் கட்டி முடிப்பதற்குள், பிரசவத்துக்கு நாள் இன்னும் இருக்கும்போதே, ஆயிஷாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸுக்கு லைன் கிடைக்கவில்லை. பட்டப்பகலிலேயே வானம் இருட்டிக் கிடந்தது. மகளைக் காரின் பின்சீட்டில் படுக்க வைத்து, அவள் தலையை ஜெயினம்பு மடியில் தாங்கிக்கொண்டாள். உமர் பாரூக் வண்டியை எடுத்தார்.

வீட்டிலிருந்து இடதுபுறம் திரும்பி நேராகப் போனால் முன்வாசல். தினமும் போய்வரும் வழிதான். அவர் இடதுபுறம் திரும்பி நேராகப் போனார்.

ஹெட்லைட் வெளிச்சத்தில் பின்கேட் நின்றது.

மூடியிருந்தது. அதே துருவேறிய கம்பிகள். அதே பூட்டு.

வண்டியைத் திருப்பினார். வந்த வழியே போய், அடுத்த தெருவில் வளைந்து, முன்வாசல் விளக்கைப் பார்த்தபடியே ஓட்டினார். கிட்டே போனதும் அந்த விளக்கு கொட்டகை விளக்காக இருந்தது. எதிரே கேட். மறுபடி திருப்பினார். மறுபடியும் கேட். பின்சீட்டில் ஆயிஷா அலறிக்கொண்டிருந்தாள்.

இறங்கி ஓடி, இரண்டு கையாலும் கேட்டைத் தட்டினார். கம்பி சில்லென்றிருந்தது. யாராவது வாங்க, யாராவது வாங்க என்று கத்தினார். இரண்டு பக்கமும் வீடுகள். ஜன்னல்களில் வெளிச்சம். ஒரு மாடியில் அழகுபாண்டி நிற்பது தெரிந்தது. உமர் பாரூக் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அழகுபாண்டி திரைச்சீலையை இழுத்து மூடினார்.

ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

காருக்குள் அலறல் சட்டென்று நின்றது. உமர் பாரூக் திரும்பி ஓடினார். கார்க்கதவு இழுத்தும் திறக்கவில்லை. கண்ணாடி முழுக்க உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. உள்ளே ஜெயினம்பு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மகளின் தலை. மகளின் காலடியில், காருக்குள் இடமே இல்லாத இடத்தில், நனைந்த தலை ஒன்று குனிந்திருந்தது.

அப்புறம் ஒரு பிள்ளை அழுதது.

கார்க்கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே மூன்று உயிர்கள் மட்டுமே இருந்தன. உமர் பாரூக் நிமிர்ந்து பார்த்தபோது கேட் இல்லை. சுவரில் வெறும் இடைவெளி. அதற்கப்பால் மழையில் அலையடிக்கும் கண்மாய். இந்த முறை முன்வாசலுக்கு வழி சரியாகக் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் தாயும் சேயும் நலம் என்றார்கள். ஆண் பிள்ளை. உமர் பாரூக் வராந்தாவிலேயே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்து அழுதார். உள்ளே ஆயிஷா கண் திறந்து, கட்டிலையும் மின்விளக்கையும் வெள்ளைச் சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒருவழியா வந்து சேந்துட்டேன்ல," என்று நர்ஸிடம் சொன்னாள். "எம்புட்டு வெளிச்சமா இருக்கு."

பிரசவ அசதி என்று நினைத்துக்கொண்டார்கள். இஜாஸ் வீடியோ காலில் வந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆயிஷா என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது அடைத்திருக்கும் என்று ஜெயினம்பு சொன்னாள். பெற்ற வயிற்றுக்குத் தெரியாதா என்ன? ஆனால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? பிள்ளை அந்த மார்பில்தான் பசியாறியது.

அலை நகர் வீட்டுக்கு அவர்கள் திரும்பவில்லை. கடைக்கு மேல்மாடிக்கே வந்துவிட்டார்கள். வந்த அன்று அந்தி நேரம். கீழே சிக்னலில் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. உமர் பாரூக் தொழுதுவிட்டு எழுந்தார். படிக்கட்டுக் கதவைத் தாழ்போட ஜெயினம்பு கையைத் தூக்கினாள்.

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்.

"கதவப் பூட்டாதீக."

ஜெயினம்பு திரும்பினாள்.

"உங்க மக இன்னும் வந்து சேரல."

ஜெயினம்புவின் கை தாழ்ப்பாளிலேயே நின்றது. உமர் பாரூக் வந்து அந்தக் கையை மெல்ல விலக்கி, கதவை அகலத் திறந்தார். படிக்கட்டில் யாரும் இல்லை. கடைசிப் படி வரைக்கும் தெரு வெளிச்சம் விழுந்திருந்தது.

அப்போது இரும்புக் கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. உள்ளங்கையால், களைத்துப்போய்த் தட்டும் சத்தம்.

"அத்தா, தொறங்கத்தா," என்றது ஆயிஷாவின் குரல். "மழையா இருக்குத்தா."

கதவு திறந்துதான் இருந்தது.